அஞ்சலைக்கு விழுந்த நீலச் சீட்டு

இப்போது சீட்டைக் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறதாம். ஆராய்ச்சியில் யார் எந்தக் கூட்டத்தில் சேர வேண்டும் என்பதை அதுவே கலக்கி, அதுவே எடுத்துக் கொடுத்துவிடுமாம். எனக்கு விடைகொடுத்த அன்று, கையில் போண்டாவை வைத்துக்கொண்டு புது டீச்சர் ஒருத்தி சொன்னாள். நல்லதுதான் என்றேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க மாட்டார்கள். அவளுக்கு விளங்கவில்லை. செருப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். சுற்றி நின்ற பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். கல்லூரி மலருக்கு அதையே சொல்லுங்கள் ஆயாம்மா என்றார்கள்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல இரண்டாம் வருஷத்துப் பெண் ஒருத்தி எழுதி, அச்சில் வருகிற தமிழாக மாற்றிக்கொள்கிறாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டால் கயிற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறாள். பாவம், அவளுக்கும் கை வலிக்கும்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் நான் இந்த வேலைக்கு வந்தேன். உளவியல் துறைக்கு ஆயா. உளவியல் என்றால் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு என்று தெருவில் ஒரு பேச்சு. என் பக்கத்து வீட்டுக்காரி கொஞ்ச நாள் என்னிடம் ஓர் அடி தள்ளி நின்றே பேசினாள். உள்ளே போய்ப் பார்த்தால் பைத்தியமும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு பீரோ நிறைய சாமான்கள். ஒரே அளவில் வெவ்வேறு கனத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள், ஸ்டாப் வாட்ச், கண்ணைக் கட்டிக்கொண்டு விரலால் தடவிப் போகிற பள்ளம் வெட்டிய பலகை. பிறகு ஒரு கண்ணாடி. காகிதத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். கையை நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தடுப்பு. கண்ணாடியில் தெரிவதைப் பார்த்தே நட்சத்திரத்தின் ஓரமாகப் பென்சில் ஓட்ட வேண்டும். இவற்றைத் தூசி தட்டுவதும், இடம் மாறாமல் வைப்பதும், தண்ணீர் பிடிப்பதும்தான் என் வேலை. கற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஆனால் இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது. சோதனை செய்து பழக ஆள் வேண்டுமே, அந்தப் பெண்கள் என்னை உட்கார வைத்தார்கள். முதல் தடவை அந்தக் கண்ணாடியைப் பார்த்து நான் நட்சத்திரம் வரைந்தபோது பென்சில் மேலே போ என்றால் கீழே போனது. எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. பேசிக்கொண்டே வரைவேன். ஒருநாள் மேடம் பார்த்துவிட்டு, இனிமேல் தனம்மாவை இதற்கு உட்கார வைக்காதீர்கள், அவருக்குக் கை தேறிவிட்டது, கணக்கு தப்பாக வரும் என்று சொல்லிவிட்டார். நன்றாகச் செய்கிறேன் என்பதற்காக வேலையிலிருந்து எடுத்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வருத்தம்.

மேடம் என்றால் விசாலாட்சி மேடம். வேலூர்க்காரர். முதலில் பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தார், பிறகு வேங்கிக்காலில் வீடு பார்த்துக்கொண்டார். ஒல்லி உடம்பு, எப்போதும் பருத்திச் சேலை. யாரையும் திட்ட மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். முதல் வருஷத்துப் பெண்கள் வாயைத் திறந்தால் அவர் கேட்பது ஒன்றுதான்.

"எத வெச்சு சொல்றே?"

ஆம்பளைகளுக்குத்தான் கோபம் ஜாஸ்தி என்று ஒருத்தி சொன்னால், எத வெச்சு சொல்றே. எங்கள் வீட்டில் அப்படித்தான் என்றால், உங்கள் வீடு ஒரு வீடு என்பார். என்னையும் விட்டதில்லை. இன்றைக்கு மழை வரும் மேடம் என்று சொல்லிவிட்டு எதை வைத்துச் சொன்னேன் என்று நானே யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சோதனைக்கு உட்காருகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை மேடம் எழுதிக் கொடுத்திருப்பார். எல்லாரிடமும் அதே வார்த்தை, அதே குரல். ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு பெண், உட்கார்ந்திருந்த தோழி பயந்திருக்கிறாள் என்று பார்த்து, "ஈஸிதான்டி, பயப்படாத" என்று சொல்லிவிட்டாள். மேடம் கண்ணாடியைத் துடைத்தார். அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டு வேறு ஆளைக் கூட்டி வரச் சொன்னார். பயப்படாதே என்று ஒருத்திக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் சொல்லக் கூடாது. இது எனக்கு அப்போது கல் மனசாகத் தெரிந்தது. பிறகு அப்படித் தெரியவில்லை. மேடம் வீட்டுக்குப் போகும்போது பயந்திருந்த அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு காப்பி வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தேன்.

சில வருஷம் கழித்து மேடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி எடுத்தார். வழிகாட்டி ஐயா மெட்ராஸில் இருந்தார். விஷயம் நம்ம ஊர் விஷயம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றினால் மனசுக்கு நிம்மதி கிடைக்கிறது என்று எல்லாரும் சொல்கிறோமே, அது உண்மையா என்று பார்க்க வேண்டும்.

இதில் பார்க்க என்ன இருக்கிறது, சுற்றுகிறவர்களைக் கேட்டால் சொல்லப்போகிறார்கள் என்றேன். மேடம் என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். சுற்றி வருகிறவர்களுக்கு நிம்மதி இருக்கலாம். ஆனால் கொஞ்சம் நிம்மதியும் கால் பலமும் இருக்கிறவர்கள்தானே கிளம்பியே வருகிறார்கள். வீட்டில் சண்டை, உடம்பு முடியவில்லை என்று இருப்பவள் வரவே மாட்டாள். அப்படியானால் மலையால் நிம்மதி வந்ததா, நிம்மதி இருந்ததால் மலைக்கு வந்தார்களா? அதனால் அவரவர் இஷ்டத்துக்கு விடக் கூடாது. ஒரே மாதிரியான பெண்களைச் சேர்த்து, பாதிப் பேரைச் சுற்றச் சொல்ல வேண்டும், பாதிப் பேரை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். யார் எந்தப் பாதி என்பதை மேடமும் முடிவு செய்யக் கூடாது, அந்தப் பெண்களும் கூடாது. சீட்டு முடிவு செய்யும்.

வேண்டாம் என்று சொன்னவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவும் சரிப்படாதாம். நடந்ததால் நிம்மதியா, மலையைச் சுற்றியதால் நிம்மதியா என்று தெரியாமல் போய்விடும். அதனால் அவர்களும் அதே தூரம் நடக்க வேண்டும், வேறு ரோட்டில். அந்த ரோடு, கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்கால் ரோடு. போய், திரும்பி, மறுபடியும் போய்த் திரும்ப வேண்டும்.

ஆள் சேர்க்கிற வேலை என்னுடையது. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இப்போது நினைத்தாலும் முழங்கால் கனக்கிறது. மாதா மாதம் சுற்றுகிறவர்கள் வேண்டாம், வேண்டுதல் இருக்கிறவர்கள் வேண்டாம், அவர்களைத் தடுப்பது பாவம் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொருவரையும் அவரே உட்கார வைத்துக் கேட்டார். வேண்டுதல் ஏதாவது இருக்கிறதா, பிரார்த்தனை ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை என்றவர்களைத்தான் சேர்த்தார்.

நிம்மதியை அளக்க ஒரு ஏணிப் படம் வைத்திருந்தார். எங்களுக்குப் படிக்க வராதே. ஏணியின் மேல்படி என்றால் மனசு ரொம்ப லேசாக இருக்கிறது, கீழ்ப்படி என்றால் ரொம்ப பாரமாக இருக்கிறது. உங்கள் மனசு இன்றைக்கு எந்தப் படியில் இருக்கிறது, விரலை வையுங்கள். இட்லிக் கடை குப்பம்மாள் எப்போது கேட்டாலும் நடுப்படியில் வைப்பாள். ஏன் என்று நான் தனியாகக் கேட்டேன்.

"மேல வெச்சா கண்ணு பட்டுடும். கீழ வெச்சா எளக்காரம். நடுவுல இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இதை மேடத்திடம் சொன்னபோது கண்ணாடியைத் துடைக்கவில்லை, சிரித்துவிட்டார். மெட்ராஸில் இதற்கு என்ன பதில் சொல்வேன் தனம்மா என்றார்.

சீட்டு போட்ட நாளுக்கு வருகிறேன். மேடம் அதற்கு எவ்வளவு யோசித்தார் தெரியுமா. எழுத்து போட்டால் எங்களுக்குத் தெரியாது, அதனால் கலர். மஞ்சள் வேண்டாம், மங்களம் என்று எடுத்துக்கொள்வார்கள். வெள்ளை வேண்டாம், அமங்கலம். சிவப்பு குங்குமம். கறுப்பு கேட்கவே வேண்டாம். கடைசியில் பச்சையும் நீலமும் என்று முடிவு செய்தார். பச்சை என்றால் மலை, நீலம் என்றால் வேங்கிக்கால் ரோடு. இரண்டும் ஒரே கனமுள்ள காகிதம், ஒரே அளவில் வெட்டி, ஒரே மடிப்பாக மடித்து, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். பச்சை எத்தனையோ நீலமும் அத்தனை. சாமி படமே இல்லாத வகுப்பறையாகப் பார்த்து வைத்தார்.

பெண்கள் வந்தார்கள். மேசைமேல் டப்பாவைப் பார்த்தார்கள். சீட்டு என்று சொன்னதும் முதலில் நின்றவள் செருப்பைக் கழற்றினாள். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கழற்றினார்கள். கல்லூரி வராந்தாவில் வரிசையாகச் செருப்பு. நானும் கழற்றினேன். சீட்டு எடுக்கும்போது அப்படித்தானே செய்வோம். எங்கள் வீடுகளில் பெண் கொடுப்பதா வேண்டாமா, கிணறு வெட்டுவதா வேண்டாமா என்றால் கோயிலில் இரண்டு பொட்டலம் கட்டி வைத்து ஒன்றை எடுத்துப் பார்ப்போம். எது வருகிறதோ அது அவன் உத்தரவு. மேடம் செருப்பைப் பார்த்தார். மரியாதைக்காகக் கழற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்.

ஒவ்வொருத்தியாக எடுத்தார்கள். குப்பம்மாளுக்குப் பச்சை. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரோட்டு நடை என்றால் நடுவில் மரத்தடியில் உட்காரலாம் என்று பார்த்தாளாம், மலை சுற்றும்போது உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். பக்கத்தில் நீலம் வைத்திருந்தவளிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். மாற்றக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார்.

எங்கள் தெரு அஞ்சலைக்கு நீலம் வந்தது. அஞ்சலை அதிகம் பேசாதவள். புருஷன் இல்லை, ஒரே மகன் ஏழுமலை, மருமகள் வசந்தா. ஏழுமலை லாரியில் கிளீனராகப் போனவன். போய் வெகுநாளாகத் தகவல் இல்லை. எங்கே இருக்கிறான், என்ன ஆனான் என்று லாரிக்காரருக்கும் தெரியவில்லை. அஞ்சலை நீலச் சீட்டை ஒரு நிமிஷம் பார்த்தாள். மடித்தபடியே மறுபடி மடித்து முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். எல்லாருடைய சீட்டையும் மேடம் திரும்ப வாங்கினார். அஞ்சலையிடம் கேட்டபோது அது என்கிட்டயே இருக்கட்டும் என்றாள். மேடமும் சரி என்று விட்டுவிட்டார்.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம் பச்சைக்காரிகள் ஒரு பக்கம், நீலக்காரிகள் ஒரு பக்கம் கிளம்பினார்கள். பச்சைக்காரிகளோடு வேறு டீச்சர் போனார், நான் நீலத்தோடு. அந்த நடையை நான் மறக்க மாட்டேன். ஊர் முழுக்க மலையைப் பார்த்து வருகிறது. வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, லாரியிலிருந்து இறங்கி, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, கூட்டம் கூட்டமாக. நாங்கள் மட்டும் எதிர்த்திசையில், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போகிறோம். எதிரில் வந்த ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி, கலெக்டர் ஆபீஸ் மூடியிருப்பாங்களே, இந்நேரத்துக்கு இன்னா மனு குடுக்கப் போறீங்க என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அஞ்சலை சிரிக்கவில்லை. வேலூர் பக்கம் போகிற ஒவ்வொரு லாரியையும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

நடை முடிந்து ஏணிப் படத்தை நீட்டினார் மேடம். அஞ்சலை விரலைக் கீழ்ப்படிக்கும் கீழே, ஏணி முடிந்த இடத்தில், வெறும் காகிதத்தில் வைத்தாள். படியில் வையுங்கள் என்று மேடம் சொன்னார். எழுதிவைத்த வார்த்தையிலேயே, அதே குரலில் மறுபடி சொன்னார். அஞ்சலை விரலை எடுக்கவில்லை. மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அஞ்சலை வரவில்லை. இரண்டு முறை ஆள் அனுப்பியும் வரவில்லை. ஒருநாள் நான் கல்லூரிக் குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். வசந்தா வந்து நின்றாள். சின்னப் பெண். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"பெரிம்மா, அத்த எனக்குப் பூ வாங்கறத நிறுத்திட்டாங்க."

தினமும் சாயங்காலம் தெருவில் பூக்காரி வரும்போது அஞ்சலைதான் கூப்பிட்டு மருமகளுக்கு ஒரு முழம் வாங்கி வைப்பாள். மகன் போன நாளிலிருந்து ஒருநாள்கூடத் தவறியதில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்கும். அது வெறும் பூ இல்லை. என் மகன் இருக்கிறான் என்று அவள் தினமும் தெருவுக்குச் சொல்வது. அதை நிறுத்திவிட்டாள் என்றால் அடுத்தது என்ன? வசந்தா சொன்னாள். ஏழுமலையின் சைக்கிளை அஞ்சலை தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டாளாம். வருகிற வாரம் தம்பி வீட்டாரை வரச் சொல்லியிருக்கிறாளாம், பேச வேண்டும் என்று. என்ன பேசப்போகிறார்கள் என்று வசந்தா தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

ஏன் திடீரென்று இப்படி என்று கேட்டேன். சீட்டு வந்ததிலிருந்து என்றாள்.

நான் குடத்தை அப்படியே விட்டுவிட்டு மேடத்தின் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். செருப்பு, என்றார். செருப்பைக் கழற்றினாங்களே தனம்மா. அவ்வளவுதான் பேசினார். உடனே கிளம்பினோம்.

அஞ்சலை வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். மேடத்தைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பாய் போட்டாள். வசந்தா கதவோரம் நின்றாள். மேடம் பாயில் உட்கார்ந்து நேராகவே கேட்டார், சீட்டு எடுக்கும்போது மனசுக்குள் என்ன நினைத்துக்கொண்டீர்கள் என்று. அஞ்சலை மறைக்கவில்லை. வேண்டுதல் உண்டா என்று மேடம் கேட்டபோது அவளுக்கு வேண்டுதல் இல்லைதான். கேட்கத் துணியாத கேள்வி ஒன்று மட்டும் இருந்தது. சீட்டு போடுகிறார்கள் என்றதும் அதற்காகவே சேர்ந்தாளாம். மலை வந்தால் மகன் இருக்கிறான். ரோடு வந்தால் இல்லை. மனசுக்குள் அப்படி வைத்துக்கொண்டு கையை விட்டிருக்கிறாள்.

மேடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்.

"அஞ்சலம்மா, அந்தக் காகிதத்தை வாங்குனது நான். வெட்டுனது நான். டப்பாவுல போட்டுக் குலுக்குனது நான். அதுல சாமி இல்ல."

"குலுக்குனது நீங்கதான் மேடம். கைய விட்டது நானு. அத்தன சீட்டு இருக்கும்போது என் விரலுக்கு இது வந்துச்சே, அத குடுத்தது யாரு?"

யாரும் கொடுக்கவில்லை, அதற்குப் பெயர்தான் தற்செயல், அதற்காகத்தான் சீட்டே போடுகிறோம் என்றார் மேடம். பாதிச் சீட்டு நீலம், பாதிப் பேருக்கு நீலம் வந்தே தீரும். நீலம் எடுத்த அத்தனை பேருடைய பிள்ளைகளுக்கும் ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

"அவங்க இதக் கேக்கலியே. நான்தான் கேட்டேன்."

எத வெச்சு சொல்றே என்று ஊரையே கேட்ட மேடம் அதை அஞ்சலையிடம் கேட்கவில்லை. நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறாயா அஞ்சலை என்று கேட்டேன். மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று. அடுத்ததும் நீலமாக வந்துவிட்டால்? பச்சை வந்தாலும் அதுவும் அதே டப்பாதானே, அதே பொய்தானே. அஞ்சலையும் வேண்டாம் என்றாள். ஒருதரம் கேட்டது கேட்டதுதான், நம்பாமல் திரும்பக் கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்றாள்.

அப்போது வசந்தா கதவை விட்டு முன்னால் வந்தாள். மாமியாருக்கு எதிரில் அந்தப் பெண் அதுவரை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புளிக் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்த, அவரு எனக்கும்தான். என்னக் கேக்காம நீங்க கேட்டுட்டீங்க. நான் கேக்கல. எனக்குப் பதிலு தெரிய வேணாம்."

அஞ்சலை, தெரியாம எப்டிடி இருப்பே என்றாள்.

"இருக்கறேன். பூ மட்டும் வாங்கிக் குடுங்க."

அழவில்லை அந்தப் பெண். அஞ்சலைதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஏதோ சொல்லப் போனேன், மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

நாங்கள் கிளம்பி வாசலில் இறங்கும்போது தெருக்கோடியில் பூக்காரி குரல் கேட்டது. மேடம் நின்றுவிட்டார். போகலாம் என்றேன், நகரவில்லை. பூக்காரி இந்த வீட்டைக் கொஞ்ச நாளாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவள், அன்றைக்கும் தாண்டிப் போனாள். இரண்டு வீடு போயிருப்பாள். உள்ளேயிருந்து அஞ்சலை கூப்பிட்டாள். எப்போதும் கூப்பிடுகிற சத்தம் இல்லை. ஒரு முழம் அளந்து வாங்கினாள். முன்பெல்லாம் அவளே மருமகள் தலையில் வைத்துவிடுவாள். அன்று கையில்தான் கொடுத்தாள். வசந்தா தானே வைத்துக்கொண்டாள்.

அஞ்சலையின் மனசு மாறியதா என்று கேட்காதீர்கள். அவள் நீலச் சீட்டை நம்புவதை நிறுத்தவில்லை. தம்பி வீட்டாரை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள், அவ்வளவுதான். தனக்கு வந்த பதிலை மருமகள்மேல் ஏற்றாமல் தன்னோடு வைத்துக்கொண்டாள். அதைச் சுமந்துகொண்டு தினமும் பூ வாங்குவது லேசான காரியம் இல்லை.

மேடம் ஆராய்ச்சியை அதோடு நிறுத்தினார். ஒருத்தியை மட்டும் விலக்கிவிட்டு மற்றதைத் தொடரலாமே என்று மெட்ராஸ் ஐயா சொன்னாராம், கோபப்பட்டாராம். ஒருத்தி சொன்னதால் தெரிந்தது, சொல்லாத மற்றவர்கள் டப்பாவிடம் என்னென்ன கேட்டார்களோ என்று மேடம் பதில் சொன்னாராம். எல்லாப் பெண்களையும் திரும்பக் கூப்பிட்டு டப்பாவைத் திறந்து காட்டி, எப்படி வெட்டினார், எப்படி மடித்தார் என்று சொல்லி, இதில் ஒரு உத்தரவும் இல்லை என்று கும்பிட்டார். சிலர் தலையாட்டினார்கள். குப்பம்மாள் மட்டும், இனிமே சுத்த வேணாமா மேடம் என்று கேட்டுவிட்டு நிம்மதியாகப் போனாள்.

பட்டம் வேறு ஏதோ விஷயத்தில் வெகு காலம் கழித்துத்தான் கிடைத்தது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் முன்னால் போனார்கள். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து சோதனை ஆரம்பிப்பதற்கு முன்னால் உட்காருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்க வைத்தார்: இங்கே என்ன நடக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? பெண்களுக்கு அலுப்பாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

முதல் வருஷத்துப் பெண்களுக்கு ஆராய்ச்சி முறை பாடம் ஆரம்பிக்கும்போது மேடம் இந்தக் கதையைச் சொல்வார், பேரையெல்லாம் மாற்றி. வருஷா வருஷம் நான் கதவோரம் நின்று கேட்பேன். வருஷா வருஷம் ஒருத்தி எழுந்து அதையே கேட்பாள்: அந்த மகன் திரும்பி வந்தானா? எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். அந்தத் தெருக்காரி நான்தானே.

மேடம் என்னைச் சொல்ல விட்டதில்லை.

"வந்தான்னா சீட்டு பொய்னு எழுதுவீங்க. வரலன்னா சீட்டு நெசம்னு எழுதுவீங்க. அவன் வர்றதுக்கும் அந்தக் காகிதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. தனம்மா, சொல்லாதீங்க."

என்னைப்போல வாய் ஓயாதவளுக்கு இது பெரிய தண்டனை. மேடம் ஓய்வு பெற்று வேலூருக்கே போய்விட்டார், நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன், இன்னும் சொன்னதில்லை. இதை எழுதுகிற பெண்ணும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுப் பார்த்தாள். முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை தேரடித் தெருவில் வசந்தாவைப் பார்த்தேன். காதோரம் நரைத்துவிட்டது. மல்லி விலை ஜாஸ்தி என்று பூக்காரியோடு சண்டை போட்டு ஒரு முழம் வாங்கி, அங்கேயே நின்று வைத்துக்கொண்டாள். நன்றாக இருந்தது. இதை வைத்து நீங்கள் எதையும் சொல்ல முடியாது.